பூமி முட்டையும் அல்ல, நீள்வட்டமும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பூமியை ஓரிடத்தில் 'நீள்வட்டம்' என்கிறது, இன்னோரிடத்தில் 'முட்டை வடிவம்' என்கிறது. நீள்வட்டம் தாளில் வரையும் படம். அதற்குக் கனமே கிடையாது. முட்டை நெடுக்கில் நீண்டு ஒரு முனையில் கூம்பியது. பூமியோ துருவங்களில் அமுங்கியது.

நீள்வட்டத்தைக் குட்டை அச்சில் சுழற்றினால் வருவது தட்டைக் கோளவுரு. பூமி அதுதான். நெட்டை அச்சில் சுழற்றினால் ரக்பி பந்து போல நெட்டைக் கோளவுரு கிடைக்கும். மூன்று அச்சும் மூன்று நீளமென்றால் கோளவுரு என்ற பெயரே பொருந்தாது. அது நீள்வட்டத் திண்மம்.

கட்டுரைக்கு வரைந்த படம் வேறு, சாத்துக்குடியை உள்ளங்கையால் அமுக்கியது போல இருக்கிறது. நடுக்கோட்டு ஆரம் 6378.137 கி.மீ., துருவ ஆரம் 6356.752 கி.மீ. பள்ளியில் இருக்கும் 30 செ.மீ. உலக உருண்டையில் விட்டத்தின் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். எவரெஸ்ட் சிகரம் அதில் 0.2 மி.மீ. கண்ணுக்குத் தெரிகிற தட்டை வேண்டுமென்றால் சனிக் கோளைத்தான் பார்க்க வேண்டும்: நடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ., துருவ ஆரம் 54,364 கி.மீ.

வடக்கு-தெற்காக அளக்கும் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் துருவத்தருகே குறையும் என்று கட்டுரை சொல்வது தலைகீழ். அங்கே வளைவு குறைவு, ஆகவே ஒரு பாகை திரும்பக் கூடுதல் தூரம் போக வேண்டும். நடுக்கோட்டில் 110.57 கி.மீ., துருவத்தில் 111.69. 1736-37இல் பிரெஞ்சுக் குழு வட ஐரோப்பாவின் லாப்லாந்தில் அளந்து, பூமி துருவங்களில் அமுங்கியது என்று நியூட்டன் சொன்னதே சரி என்று கண்டது இந்த நீளத்தை வைத்துத்தான்.

ஜியாய்டு என்பது கோளவுருவின் மறுபெயரும் அல்ல. கோளவுரு, கணக்குக்காக வைத்துக்கொண்ட வழவழப்பான வடிவம். அலையும் ஓதமும் இல்லாத கடல் மட்டம் நிலத்தடியிலும் தொடர்ந்தால் வரும் மேடுபள்ளமான பரப்பு ஜியாய்டு. அதன் மிக ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கோளவுருவுக்கு 100 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. சென்னையிலேயே 80 மீட்டருக்கும் மேல் இறக்கம். ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கோளவுருவிலிருந்து; திருத்தம் செய்யாத கருவியை மெரினா மணலில் வைத்தால் உயரம் மைனஸ் எண்பது சொச்சம் என்று காட்டுவது அதனால்தான், கருவியில் பழுதில்லை. கருவியின் எண்ணிலிருந்து ஜியாய்டின் எண்ணைக் கழிக்க வேண்டும். கருவி -60, அவ்விடத்து ஜியாய்டு -85 என்றால் கடல் மட்டத்திலிருந்து உயரம் 25 மீட்டர். மைனஸைக் கழித்தால் கூட்டல் என்பதை மறந்து -145 என்று எழுதிவிடுபவர்கள் உண்டு.

பழைய இந்திய வரைபடங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கோளவுருவில் போட்டவை. மலையின் பெயரல்ல அது; நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்டது, 1802இல் பரங்கிமலை அடிவாரத்தில் அவருக்கு முன்னோடியான லாம்டன் அடிக்கோடு (முதலில் துல்லியமாக அளக்கும் நேர்கோடு) அளந்து தொடங்கிய நில அளவையின் வழி வந்தது. அதன் ஆரமும் மையமும் ஜிபிஎஸ்ஸின் கோளவுருவோடு ஒத்துப்போகாது. மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் சென்னையில் ஒரு கிணறு நூறு மீட்டருக்குமேல் தள்ளி, அடுத்த தெருவில் போய் நிற்கும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை-16