புரிந்தது, ஆனாலும் ஒட்டவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2009-ல் வந்த 'டூப்ளிசிட்டி' படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தவர், கதை குழப்புகிறது என்று சொல்பவர்கள் சரியாகக் கவனிக்காதவர்கள், இன்னொரு தடவை பார்த்தால் தெளிந்துவிடும் என்று முடித்திருந்தார். சரி என்று பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று குறித்துக்கொண்டே பார்த்தேன். எல்லாம் புரிந்தது. ஆனாலும் முதல் தடவை கொட்டாவி வந்த அதே இடங்களில் மறுபடியும் வந்தது.

கதை என்னவோ எளிமையானதுதான். சி.ஐ.ஏ. உளவாளி ஜூலியா ராபர்ட்ஸ், பிரிட்டனின் எம்.ஐ.6 ஆள் கிளைவ் ஓவனுக்குத் துபாயில் மயக்க மருந்து கொடுத்துவிட்டு, அவனிடமிருந்த ரகசியத்தைச் சுருட்டிக்கொண்டு போகிறாள். அப்புறம் காதல். அரசு வேலையை விட்டுவிட்டு, ஒருவரையொருவர் அழிக்கத் துடிக்கும் இரண்டு பெரிய கம்பெனிகளின் வேவுப் பிரிவுகளில் ஆளுக்கொன்றாகச் சேர்கிறார்கள். ஒரு ஃபார்முலாவைத் திருடி விற்றுவிட்டுச் சேர்ந்து ஓடிவிடுவது திட்டம். இதை எழுதி இயக்கிய டோனி கில்ராய் நேராகச் சொல்லவில்லை. நியூயார்க்கிலிருந்து ரோம், லண்டன், மயாமி, கிளீவ்லாந்து என்று ஊர் பெயரையும் 'இத்தனை மாதத்துக்கு முன்' என்பதையும் திரையில் போட்டுப் போட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டே போகிறார்.

குழப்பத்தில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. 1963-ல் வந்த 'சரேட்' படத்தில் கேரி கிராண்ட் பெயரை மாற்றிக்கொண்டே போவார், மொத்தம் நாலு பெயர். எது உண்மை என்று ஆட்ரி ஹெப்பர்னுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் நம்பும்போது நாமும் நம்புகிறோம், அவள் பயப்படும்போது நமக்கும் அடிவயிறு கலங்குகிறது. தலை சுற்றினாலும் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதில் சந்தேகமே வராது. 'டூப்ளிசிட்டி'யிலோ காதலர்கள் இருவருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதவர்கள் நாம் மட்டுந்தான்.

ஒரு இடம் சொல்கிறேன். நியூயார்க்கில் எதிர்ப்பட்டதும் அவன் துபாயை ஞாபகப்படுத்திச் சண்டை பிடிக்கிறான். அவள் உன்னை யாரென்றே தெரியாது என்று சாதிக்கிறாள். பிறகு வேறொரு ஊரில், வேறொரு காலத்தில், அச்சு மாறாமல் அதே பேச்சு. ஒட்டுக்கேட்பவர்களை ஏமாற்ற இருவரும் ஒத்திகை பார்த்து வைத்த நாடகமாம் அது! சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதலில் அவளுடைய முகத்தைப் பார்த்து நான் பட்ட சங்கடம் அந்த நிமிடமே வீணாகிவிட்டது. அடுத்த தடவை அவள் கண் கலங்கினால், இதுவும் ஒத்திகையோ என்றுதான் தோன்றுகிறது.

நல்ல இடங்களும் இருக்கின்றன. விமான நிலையத்தில் கொட்டும் மழையில் அந்த இரண்டு கம்பெனிகளின் முதலாளிகள், டாம் வில்கின்சனும் பால் ஜியாமட்டியும், ஸ்லோ மோஷனில் கட்டிப் புரளும் டைட்டில் காட்சி ஒன்று. இன்னொன்று இதைவிட நல்லது. காரியம் ஆவதற்காக கிளைவ் ஓவன் காதல் பேச்சில் மயக்கிய அலுவலகப் பெண்ணை விசாரிக்கிற வேலை காதலியின் தலையிலேயே விழுகிறது. மாட்டிக்கொண்ட பெண் அழுகிறாள், ஆனால் அவனோடு கழித்த அந்த இரவுக்காக வருத்தப்பட மாட்டேன் என்கிறாள். ஜூலியா ராபர்ட்ஸ் அதிகாரி முகத்தைக் கலைக்காமல் உள்ளுக்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது அந்த ஒரு காட்சியில் நமக்கு முன்கூட்டியே தெரியும். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அங்கேதான்.

படம் வந்து வருஷக்கணக்காகிவிட்டதால் முடிவைச் சொன்னால் தப்பில்லை. வழுக்கைக்கு மருந்து என்று அவர்கள் சூரிச் வரை தூக்கிக்கொண்டு போகும் ஃபார்முலா வெறும் லோஷன். ஏமாந்து உட்கார்ந்திருக்கும் இருவரையும் விட்டு கேமரா விலகிப் போகிறது. காதலாவது மிஞ்சியதே என்று நாம் நெகிழ வேண்டிய இடம். எனக்கோ, இவர்கள் இதையும் ஒத்திகை பார்த்திருப்பார்களோ என்றுதான் ஓடியது.

கட்டுரையாளர் மூன்றாவது தடவை பார்க்கச் சொல்லிவிட வேண்டாம். குறிப்பெடுத்த தாள் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் அவருக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்