கொட்டிவிடாதே, அந்தச் செர்ரிப் பாகை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் எழுதவும் கூடாது, அடுப்படிப் பக்கம் போகவும் கூடாது என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்காரவைத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, அலமாரி மூலையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு உட்பட. அறுவைக்கு முன்னால் வீடு சுத்தமாக இருந்ததாக ஞாபகம்!

பேத்தி பிறந்தநாள் கேக் நன்றாக வந்ததில் சந்தோஷம். "டின்னில் இருந்த செர்ரியெல்லாம் கேக்குக்குப் போய்விட்டது, சிவப்புச் சிவப்பாக இரண்டு டம்ளர் பாகு நிற்கிறது, கொட்டவும் மனசில்லை, குடிக்கவும் முடியவில்லை" என்று எழுதியிருந்தாயே, படித்துவிட்டுச் சிரித்தேன். பேனாவில் கடைசிச் சொட்டு மையைக்கூட உதறி உதறி எழுதியவள் ஆயிற்றே நீ. அன்று போனில் "முதலில் ஃப்ரீசரில் வை, மிச்சத்தை எழுதுகிறேன்" என்றேன். வைத்தாய்தானே? டின்னோடு வைக்கவில்லையே? திறந்த டின்னில் எதையும் விட்டுவைக்கக் கூடாது, உலோக வாடை ஏறிவிடும்.

முதலில் பாகை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார். டின் பழத்தின் பாகு பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும். அதை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம், அவ்வளவுதான். சர்க்கரையும் தண்ணீரும் எடைக்கு எடை சமமாகக் காய்ச்சிய பாகு ஃப்ரிட்ஜில் சுமார் ஒரு மாதம் நிற்கும். சர்க்கரை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்றால் சில மாதங்கள்கூடத் தாங்கும். சர்க்கரை அதிகமானால் பூஞ்சைக்கும் ஈஸ்ட்டுக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, அதுதான் காரணம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். போன வருஷம் இதே மாதிரி மிஞ்சியதை ஒரு பாட்டிலில் விட்டு, மூடியை இறுகத் திருகி, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்துவிட்டு மறந்தே போனேன். ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு நாள் திறந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், நுரை பொங்கி என் புடவை, சுவர், மேலே விளக்கு வரை தெறித்தது. சமையலறை முழுக்கச் சாராய வாடை. இவர் ஓடி வந்து பார்த்துவிட்டு, "எத்தனை நாளாக நடக்கிறது இந்தத் தொழில்?" என்றார். பாகில் குமிழி வந்தாலோ, மேலே வெள்ளையாகப் படலம் கட்டினாலோ, மோந்துகூடப் பார்க்காமல் கொட்டிவிடு. மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற வேலை வேண்டாம்.

ஆகவே வற்றவைத்து வை. அகலமான பாத்திரமாக எடு, பாகு பொங்கும். இரண்டு டம்ளர் ஒரு டம்ளராகச் சுண்டட்டும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும், அந்தப் பதம் போதும். கம்பிப் பதத்துக்கு விட்டுவிடாதே, நாலு நாளில் பாட்டிலுக்குள் கற்கண்டு விளைந்திருக்கும். இறக்கும்போது அரை எலுமிச்சை பிழிந்தால் சர்க்கரை பூக்காது, நிறமும் மங்காது. பாட்டிலைப் பத்து நிமிஷம் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுத்து, அந்தச் சூட்டிலேயே பாகை ஊற்று. குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கிற பாகை விட்டால் படாரென்று விரியும். இவ்வளவு செய்தாலும் அதன் இடம் ஃப்ரிட்ஜ்தான், அலமாரி இல்லை. அப்புறம், நக்கிய கரண்டியை அதற்குள் விடாதே. உன்னைத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பொறுமை இல்லையா, சரி, ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வை. பாகு கெட்டியாக இருந்தால் கல்லாக உறையாது, பிசுபிசுவென்றுதான் இருக்கும். பதறாதே, சர்க்கரையின் குணம் அது.

இனி எதில் போடுவது என்று கேட்டாய். எனக்குப் பிடித்தது, ஒரு டம்ளர் சோடாவில் இரண்டு ஸ்பூன் பாகு, எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதே, அது இல்லாவிட்டால் வெறும் சர்க்கரைத் தண்ணீர். மிளகு ஒரு சிட்டிகை தட்டிப் போட்டால் இன்னும் ஜோர். பாலில் கலப்பதென்றால் பாலும் பாகும் ஜில்லென்று இருக்கட்டும். காய்ச்சிய பாலில் புளிப்புப் பாகை விட்டேன், ஒரே நிமிஷத்தில் திரிந்துவிட்டது. காய்ந்துபோன கேக்கில் ஊசியால் குத்திக் குத்திப் பாகை ஊற்றிவைத்தால் மறுநாள் புதுசாகிவிடும். தண்ணீர்ப் பாகாகவே இருந்தால், தட்டையான டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் சுரண்டிவிடு. சிவப்புப் பனித்தூளாக வரும். பேத்தி உன்னை விடமாட்டாள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாவில் பாகு கலந்து கேக் செய்தால் சமையல் சோடாவை யோசித்துப் போடு. நான் ரோஜா நிறத்தில் வரும் என்று கனவு கண்டு அடுப்பைத் திறந்தால், சிமெண்டுக்கு நீலம் கலந்த மாதிரி ஒரு நிறம்! செர்ரியின் சிவப்பு ஆந்தோசயனின் என்கிற சாயம். புளிப்பில் சிவப்பாக இருக்கும், சமையல் சோடா பட்டால் நீலத்துக்குத் திரும்பிவிடும். ருசியில் குறை இல்லை, ஆனால் யாரும் தொடவில்லை. ஒரு ஸ்பூன் பாகில் துளி சமையல் சோடா போட்டுப் பேத்திக்குக் காட்டு, அப்புறம் எலுமிச்சை விட்டு மறுபடி சிவக்கவும் வை. மாயாஜாலம் என்று நினைப்பாள். ஆனால் டின் பழத்தின் பாகாக இருக்க வேண்டும். கண்ணாடிச் சீசாவில் வரும் பளபளா செர்ரியின் நிறத்தை முதலிலேயே போக்கிவிட்டு அப்புறம்தான் சாயம் ஏற்றுகிறார்கள். அதில் இந்த வித்தை பலிக்காது.

சொட்டு மருந்து விட நேரமாகிவிட்டது, இவர் குப்பியோடு நிற்கிறார். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை நீ, செர்ரியைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். அடுத்ததில் அதை எழுது. பாட்டிலில் தேதி எழுதி ஒட்ட மறக்காதே.

அன்புடன்,
உன் சாரதா