ஐட்ஃபியோர்ட் உள்ளூராட்சி மன்றத்துக்கு: அருவிக்கு இன்னும் ஒரு மாதம் தண்ணீர் கேளுங்கள்

மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் நோர்வேயின் பெர்கன் நகரில் இருக்கிற தமிழன். வரி கட்டுவது வேறு கொம்யூனுக்கு (உள்ளூராட்சிப் பிரிவுக்கு), அதனால் உங்களிடம் இதைக் கேட்க நீ யார் என்று கேட்டால், வருடம் தவறாமல் உங்கள் ஊருக்கு ஆட்களைக் கூட்டிவருகிறவன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது மலைகளுக்கிடையே கடல் புகுந்து கிடக்கிற ஹர்தாங்கர் ஃபியோர்டின் உள்கோடியில், சுமார் ஆயிரம் பேர் மட்டும் வாழ்கிற உங்கள் இடத்தைத்தான்.

போன ஒக்டோபரில் அக்கா குடும்பத்தைக் கூட்டிவந்தேன். மோபோ பள்ளத்தாக்கின் சுரங்கங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஏறி வோரிங்ஸ்ஃபோசென் அருவிக்கு மேலே போய் நின்றால், 182 மீற்றர் பாறை அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் நூல் மாதிரி. "இதுக்கா மாமா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று மருமகன் கேட்டான். தேதி பார்க்காமல் போனது என் பிழைதான், சரி.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மேலே சீசென் அணை இருக்கிறது. ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை அருவியில் நொடிக்கு 12 கனமீற்றர் தண்ணீராவது ஓட வேண்டும் என்பது நிபந்தனை. அது முடிந்ததும் அணைத் தண்ணீர் மலைக்குள்ளே இறங்கி, 1980இல் திறந்த சீமா மின்நிலையத்துக்குப் போய்விடும். நான் மின்சாரத்துக்கு எதிரி இல்லை, குளிர்காலத்தில் என் வீட்டுச் சூடும் இப்படியான தண்ணீரில்தான் ஓடுகிறது. ஏணியும் கயிறும் பிடித்து ஏறின, மலைமேல் இருக்கிற ஷேயோசென் பண்ணைக்கு எழுபதுகளில் சுரங்கப்பாதை கிடைத்ததும் அந்த மின்திட்டத்தால்தானே (இப்போதும் முழு மணிக்கு ஏறி, அரை மணிக்கு இறங்குகிற ஒற்றைப் பாதைதான், அந்த இருட்டில் அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை). ஆனால் அதற்கு நீங்கள் கொடுத்த விலையும் சின்னது இல்லை. சீமா பள்ளத்தாக்கில் 300 மீற்றர் விழுந்த ஸ்கிக்யேடால்ஸ் அருவி இன்று பெரும்பாலும் வெறும் பாறை. ஒன்றை முழுதாகக் கொடுத்துவிட்டீர்கள், மற்றது வருடத்தில் மூன்றரை மாதம்தான் வேலை செய்கிறது.

அந்தத் தேதிகள் கோடையில் மட்டும் ஆட்கள் வந்த காலத்துக்குச் சரியாக இருந்திருக்கலாம். 2020இல் பள்ளத்துக்குக் குறுக்கே 99 படிகளோடு பாலம் போட்டாயிற்று. பேர்ச் மரங்கள் மஞ்சளாகிற நேரம் பார்க்க என்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள், நாங்களும் அதற்குத்தான் வந்தோம்.

மின்நிலைய அனுமதியின் நிபந்தனைகளை முடிவு செய்வது அரசு, நீங்கள் இல்லை. ஆனாலும் திருத்தச் சொல்லிக் கேட்கிற உரிமை உங்களைப் போன்ற கொம்யூன்களுக்கு இருக்கிறது. ஒக்டோபர் நடுவரைக்கும் தண்ணீர் கேளுங்கள். ஏற்கெனவே கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் உரக்கக் கேளுங்கள். இரவும் பகலும் வேண்டாம், சனி ஞாயிறு பகலில் விட்டாலே எங்களுக்குப் போதும்.

அதுவரை ஒரு சின்ன உதவி: அருவியின் படத்தை எங்கே போட்டாலும் கீழே அந்த இரண்டு தேதிகளையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஜூலையில் மருமகனைத் திரும்பக் கூட்டிவரப்போகிற மாமா