டிரைவ் போட்ட பிறகு எரியும் மோட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் பேட்டையில் 28 வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் மாட்டிய பிறகு எரிந்துபோன மோட்டார்கள் இப்போது அடிக்கடி என் கடைக்கு வருகின்றன. டிரைவ் நல்ல சாதனம்தான். ஃபேனையோ பம்பையோ 50 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் மின்சாரச் செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். தவறு மாட்டும் விதத்தில் இருக்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் உமி இழுக்கும் 20 ஹெச்.பி. புளோயருக்கு மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு டிரைவ் போட்டார்கள். நாலு மாதத்தில் இரண்டு தடவை அந்த மோட்டார் என்னிடம் வந்தது. இரண்டு தடவையும் லீடு வயர் சேரும் முதல் காயில் மட்டும் பொத்துப்போயிருந்தது, மற்றதெல்லாம் புதுசு போல இருந்தது. ஓவர்லோடில் எரிந்தால் மொத்தமும் கறுத்துவிடும். "அண்ணாச்சி, கட்டுனது சரியில்லையோ?" என்று முதலாளி கேட்டபோது மனசு வலித்தது.

நேரில் போய்ப் பார்த்தேன். தூசிக்குப் பயந்து டிரைவை ஆபீஸ் ரூமில் வைத்து, 70 மீட்டர் கேபிள் இழுத்திருந்தார்கள். டிரைவ் கொடுப்பது வெட்டி வெட்டி வரும் வோல்டேஜ். நீளமான கேபிளில் ஓடி மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது அது 1,000 வோல்ட்டைத் தாண்டிவிடும். பழைய காயில் வயரின் எனாமல் பூச்சு அதைத் தாங்காது. டிரைவை மோட்டாருக்கு அருகிலேயே, ஃபில்டர் ஃபேன் வைத்த பெட்டிக்குள் மாற்றச் சொன்னேன். இரட்டைப் பூச்சு வயரில் காயில் கட்டிக் கொடுத்தேன். அப்புறம் அந்த மோட்டார் திரும்பி வரவில்லை. இடம் மாற்ற முடியாதவர்கள் டிரைவின் அவுட்புட்டில் சோக், அதாவது அந்த வோல்டேஜ் எகிறலைத் தணிக்கும் சுருள், போட வேண்டும்.

வாங்கும்போது ஹெச்.பி.யை மட்டும் சொல்லாதீர்கள், நேம் பிளேட்டில் இருக்கும் ஆம்பியரைச் சொல்லுங்கள். பளுவோடு கிளம்பும், நெல் தூக்கும் எலிவேட்டர், கன்வேயருக்கு ஹெவி டியூட்டி டிரைவ் கேளுங்கள். ஒரு நிமிஷத்துக்கு ஒன்றரை மடங்கு கரண்ட்டைத் தாங்குவது அதுதான். பெரும்பாலான டிரைவ்களின் ரேட்டிங் 40 டிகிரி சூட்டுக்குத்தான். தகரக் கூரைக்குக் கீழே நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பேனலுக்குள் அதைவிட எவ்வளவோ கூடுதலாக இருக்கும். அங்கே ஒரு சைஸ் பெரிதாக வாங்குவதே சரி. வேகத்தை ரொம்பக் குறைத்து நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகச் சுற்றும், காயில் சூடேறும். தனி ஃபேன் வைக்காமல் அப்படி ஓட்டக் கூடாது.

இன்னொரு ஆலையில் மோட்டார் முனையில் இருந்த பழைய கப்பாசிட்டரை எடுக்காமல் விட்டார்கள். ஓட்டிய அன்றைக்கே டிரைவ் போய்விட்டது. இன்சுலேஷனைப் பார்க்க அதிக வோல்டேஜ் விடும் மெக்கரை வைத்துச் சோதிக்கும் எலக்ட்ரீஷியன் தம்பிகளும் முதலில் டிரைவிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் எங்கள் தொழிலில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. டிரைவோடு வரும் புத்தகமோ ஆங்கிலத்தில் இருக்கிறது. விற்பவர்கள் தமிழில் ஒரு தாளாவது தர வேண்டும். வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்களுக்குப் பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் மாலை வகுப்பு நடத்த அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த எரிந்த காயில்களைக் கடையில் எடுத்து வைத்திருக்கிறேன், வகுப்புக்கு நானே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
பேட்டை, திருநெல்வேலி.