சார்ஜை 80-ல் நிறுத்தச் சொன்னதும் நீங்கள், 100-க்கு ஏற்றவில்லை என்று வாரண்டியை மறுத்ததும் நீங்கள்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஓட்டத்தின் நடுவில் மின் ஸ்கூட்டர் நின்றுபோவது, பேட்டரி வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மின் ஸ்கூட்டரை 14 மாதங்களாக ஓட்டுகிறேன். ஓடோமீட்டர் இப்போது 11,340 கிலோமீட்டர் காட்டுகிறது. வீட்டிலிருந்து அலுவலகம், திரும்பும் வழியில் மகளின் பள்ளி, அப்புறம் வீடு. அவ்வளவுதான் என் ஓட்டம். நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனதில்லை, பாரம் ஏற்றியதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலை, பெரிய நாற்சந்தி ஒன்றில் சிக்னலுக்காக நின்றிருந்தேன். பின்சீட்டில் மகள். திரையில் 28 சதவீதம் சார்ஜ் இருந்தது. வீடு 5 கிலோமீட்டருக்குள்தான். பச்சை விழுந்ததும் ஆக்சிலேட்டரைத் திருகினேன். சந்தியின் நடுப்பகுதி வரை போயிருப்போம், மோட்டார் சட்டென்று அடங்கிவிட்டது. வேகம் குறைந்து குறைந்து நின்றதென்றால்கூட ஓரம் கட்டியிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. 28 இருந்த இடத்தில் 9 என்று வந்து, சிவப்பு எச்சரிக்கை எரிந்தது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி நிறுத்தியதால் நாங்கள் இருவரும் முழுதாக வீடு வந்து சேர்ந்தோம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நடைபாதையில் போனவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டால் 24 சதவீதம் என்று காட்டியது!

அதற்குப் பிறகு இரண்டு முறை இதே மாதிரி ஆகிவிட்டது. ஒரு முறை மேம்பாலம் ஏறும்போது, இன்னொரு முறை ஒரு வண்டியை முந்தும்போது. மூன்றுமே மோட்டாருக்கு அதிக மின்சாரம் தேவைப்பட்ட நேரங்கள். சமதளத்தில் மெதுவாகப் போனால் வண்டி ஒன்றும் சொல்வதில்லை.

இதன் ஆரம்பம் ஆறு மாதங்களுக்கு முன்பே தெரிந்தது. 40-ல் இருக்கும் சதவீதம் ஒரு ஏற்றத்தில் 31-க்குக் குதிக்கும், சமதளம் வந்ததும் 36-க்கு ஏறும். அன்றே உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அட்வைசர், "தினமும் 100 வரைக்கும் சார்ஜ் போடறீங்களா? அதனாலதான். 80-ல நிறுத்திடுங்க, பேட்டரி நல்லா வரும்" என்றார். ஜாப் கார்டு என்ற சர்வீஸ் சீட்டின் கடைசி வரியிலும் "80% வரை மட்டும் சார்ஜ் செய்யவும்" என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். உங்கள் செயலியிலும் 80-ல் நிறுத்தும் வசதி இருக்கிறது. அதை அன்று போட்டவன், அதன் பிறகு ஒரு நாள்கூட மாற்றவில்லை.

நாற்சந்தியில் நின்றுபோன மறுநாள் அதே சர்வீஸ் சென்டருக்குப் போனேன். இந்த முறை வேறொரு அட்வைசர். வண்டியின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "நீங்க ஆறு மாசமா 100 வரைக்கும் போடவே இல்லையே. முழுசா ஏறினாத்தான் செல்லெல்லாம் பேலன்ஸ் ஆகும். இது யூசேஜ் தப்பு, வாரண்டியில வராது" என்றார். நான் பழைய ஜாப் கார்டை எடுத்து நீட்டினேன். அதைப் படித்துவிட்டு, "அது அவர் சொன்னது" என்று மட்டும் சொன்னார். நான்கு நாள் கழித்து, 'முறையற்ற பயன்பாடு காரணமாக வாரண்டி கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்று உங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தது.

எனக்கு ஆற்ற முடியாத வருத்தம் இதில்தான். வண்டி பழுதாகலாம், இயந்திரம்தானே. ஆனால் உங்கள் ஆள் எழுதிக் கொடுத்ததை நான் ஒரு எழுத்து மாறாமல் செய்தேன். அதையே என் குற்றமாக எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள்.

இரண்டு அட்வைசர்கள் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். லித்தியம் அயான் செல்லை எந்நேரமும் முழுக்க நிரப்பியே வைத்திருந்தால், அதுவும் வெயிலில், சீக்கிரம் மூப்படையும். அதனால் அன்றாட ஓட்டத்துக்கு 80 போதும் என்பது சரி. அதே நேரம், பல வண்டிகளில் செல்களைச் சமன்படுத்தும் வேலை, அதாவது எல்லாச் செல்களின் சார்ஜையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது, சார்ஜ் முழுமையை நெருங்கும்போதுதான் நடக்கும். அதனால் இடையிடையே ஒரு முறை 100 வரை ஏற்றி, சார்ஜரை உடனே பிடுங்காமல் கொஞ்ச நேரம் விட்டுவைக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து இரண்டே வரியில் கையேட்டில் அச்சடித்திருக்கலாம். உங்கள் கையேட்டில் இருப்பது 'பயன்படுத்தும் முன் முழுமையாகச் சார்ஜ் செய்யவும்' என்ற ஒரு வரி. கையேடு 100 என்கிறது, முதல் அட்வைசர் 80 என்கிறார், இரண்டாமவர் திரும்பவும் 100 என்கிறார். வாங்கியவன் யார் பேச்சைக் கேட்பது?

சரி, நான் 100 வரை ஏற்றாததுதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மெக்கானிக் கணினியில் காட்டிய எண்கள் அதற்கு ஒத்துவரவில்லை. அந்த இளைஞர் பொறுமையாக எனக்கு விளக்கினார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாது. பேட்டரிக்குள் 14 செல் குழுக்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. வண்டி ஓடாமல் நின்ற நிலையில் 13 குழுக்கள் 3.6 வோல்ட்டை ஒட்டி இருந்தன. ஒன்று மட்டும் 3.2. ஆக்சிலேட்டரைத் திருகும்போது எல்லாக் குழுக்களின் வோல்ட்டேஜும் கொஞ்சம் இறங்கும். ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அந்த ஒன்று அடிமட்ட வரம்பைத் தொட்டதும், பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை மொத்த மின்சாரத்தையும் துண்டித்துவிடுகிறது. மற்ற 13-லும் சார்ஜ் இருந்து பயனில்லை. நாற்சந்தியில் நடந்ததற்கும் மேம்பாலத்தில் நடந்ததற்கும் இதுதான் காரணம்.

வரிசையில் இணைத்த செல் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாயும். நான் 80-ல் நிறுத்தினால் 14-க்கும் ஒன்றாகவே சார்ஜ் நிற்கிறது. நான் விரட்டி ஓட்டினால் 14-ம் சேர்ந்துதான் அடி வாங்குகின்றன. என் பழக்கம் தப்பாக இருந்திருந்தால் 14-ம் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேய்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் இருக்கும் செல்லுக்கும் நடுவில் இருக்கும் செல்லுக்கும் சூடு வேறுபடும் என்று நீங்கள் சொல்லலாம். அது பேட்டரியை அமைத்த விதம், என் கையில் இல்லாத விஷயம். ஒரே ஒரு குழு மட்டும் இவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்றால் அந்தக் குழுவில் பலவீனமான செல் இருக்கிறதா, இணைப்பு சரியில்லையா என்றுதான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதிலும் அறிகுறி தெரிந்தபோது நான் தினமும் 100 வரைதான் ஏற்றிக்கொண்டிருந்தேன். சமன்படுத்தாததால் வந்த கோளாறு, தினமும் சமன்படுத்திய காலத்திலேயே எப்படித் தலைகாட்டியது? இதற்கு உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும்.

என் பக்கத்துப் பராமரிப்பையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் ஓடிவிட்டு வந்த சூட்டோடு ஒருநாளும் சார்ஜ் போட்டதில்லை. குறைந்தது அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டுத்தான் போடுவேன். நீங்கள் தந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகியதில்லை. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்க விட்டது மொத்தமாக நாலைந்து முறை இருக்கும். ஊருக்குப் போன ஒரு முறை, பத்து நாள் நிற்கப் போகிறதே என்று பாதி சார்ஜில் நிறுத்திவிட்டுப் போனேன். வண்டி கழுவுகிற இடத்தில் அழுத்தமாக நீர் பீய்ச்சும் குழாயைக் கண்டாலே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஈரத்துணியும் வாளித் தண்ணீரும்தான். டயரில் காற்று குறைந்தால் உருளும் தடை கூடி, ஒரே தூரத்துக்கு அதிகச் சார்ஜ் செலவாகும் என்பதால் வாரம் ஒரு முறை காற்று பார்க்கிறேன், அதுவும் வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையில். சர்வீஸ் ஒன்றையும் தவறவிடவில்லை. இதைவிட ஒரு வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. 'முறையற்ற பயன்பாடு' என்று எழுதியவர், இதில் எது முறையற்றது என்று காட்டட்டும்.

விளம்பரத்தில் சொன்ன தூரம் கிடைக்கவில்லை என்று நான் புகார் சொல்லவில்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பினால் தூரம் குறையத்தான் செய்யும். அது எனக்குப் புரிகிறது.

கையேட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இதுவும் உயிர் சம்பந்தப்பட்டது. ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பி வண்டியை மெதுவாக்குகிறது. பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, அதனால் அந்த இழுவை குறைந்துவிடும் அல்லது இல்லாமலே போகும். வாங்கிய புதிதில் ஒரு காலை 100 சதவீதத்தோடு கிளம்பி, சரிவில் இறங்கும்போது வழக்கம்போல ஆக்சிலேட்டரை விட்டேன். வண்டி தன்பாட்டுக்கு ஓடியது. பிரேக்கைப் பிடித்துச் சமாளித்தேன் என்றாலும் அந்தப் பதற்றம் இன்னும் மறக்கவில்லை. புதிதாக ஓட்டுபவருக்கு இதைச் சொல்லாமல் விடலாமா? டெலிவரி அன்று எனக்கு 20 நிமிடம் செயலியின் நிறத்தை எப்படி மாற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைந்து, மழைக்காலத்தில் துருப்படலம் படியும், அதனால் அவ்வப்போது கைப்பிரேக்கை நன்றாகப் பிடித்து ஓட்ட வேண்டும் என்பதையும் மூன்றாவது சர்வீஸில் அந்த மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது நான் கேட்பது இவைதான். உங்கள் வாரண்டி 3 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர். நான் இரண்டுக்குமே வெகு தூரம் உள்ளே இருக்கிறேன். ஆகவே மறுப்பைத் திரும்பப் பெற்று, பேட்டரியைச் செலவின்றிச் சரிசெய்யுங்கள் அல்லது மாற்றிக் கொடுங்கள். சரிசெய்வதென்றால், வலுவிழந்த அந்தக் குழுவை அப்படியே வைத்துவிட்டு மென்பொருளில் எண்ணை மட்டும் திருத்துவதை ஏற்க மாட்டேன். வேலை முடிந்ததும் 14 குழுக்களின் வோல்ட்டேஜையும், நின்ற நிலையிலும் ஏற்றத்தில் ஓடும் நிலையிலும் எடுத்து, அச்சிட்டுத் தர வேண்டும். முதல் நாளிலிருந்து இன்று வரையிலான என் வண்டியின் சார்ஜ் பதிவுகளின் நகலும் வேண்டும். அதைப் பார்த்துத்தானே என்னைக் குற்றம் சொன்னீர்கள், நானும் பார்க்க வேண்டாமா?

அப்புறம், இது எனக்காக மட்டும் கேட்பதில்லை. ஒரு குழு தாழ்ந்து போகிறது என்பது உள்ளே இருக்கும் பலகைக்கு ஒவ்வொரு கணமும் தெரிகிறது. அப்படியிருக்க, ஓட்டுபவருக்குச் சொல்லாமல் திடீரென்று துண்டிப்பது ஏன்? முதலில் எச்சரிக்கை எரியட்டும், பிறகு வேகம் படிப்படியாகக் குறையட்டும். ஓரம் கட்ட அரை நிமிடம் கிடைத்தால் போதும், ஒரு விபத்து தவிரும். மென்பொருள் அப்டேட் அனுப்ப உங்களால் முடிகிறது, மூன்று முறை அனுப்பியிருக்கிறீர்கள். அடுத்ததை இதற்காக அனுப்புங்கள். எத்தனை நாளுக்கு ஒரு முறை 100 வரை ஏற்ற வேண்டும் என்ற வரியையும் கையேட்டிலும் செயலியிலும் ஒரே மாதிரி எழுதி, எல்லா சர்வீஸ் சென்டருக்கும் கொடுங்கள்.

இரண்டு ஜாப் கார்டுகளின் நகலையும், திரையில் 28-ம் 9-ம் காட்டிய என் செயலிப் பதிவின் படங்களையும், உங்கள் மறுப்பு மின்னஞ்சலையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

வண்டி வீட்டில் 50 சதவீதத்தில் நிற்கிறது, இப்போது அதை நான் எடுப்பதில்லை. "அந்த வண்டி வேண்டாம்பா, பஸ்ஸிலேயே போயிடலாம்" என்கிறாள் மகள். பேட்டரி சரியாகாமல் அவளை அதில் ஏற்றப் போவதில்லை. எடுத்துச் செல்ல ஆள் அனுப்பும் தேதியை முன்கூட்டியே தெரிவித்தால், அன்று விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்