முதலில் நோயாளி பேசட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் ஆச்சியும் நலம். அப்பாவின் முட்டுவலி இருந்தபடியே இருக்கிறது. பெரியம்மா வீட்டு விசேஷத்தின் படங்களைத் தம்பி அனுப்பியிருப்பான், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். போனில் எதைத் தொடங்கினாலும் நீ டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். எழுதி அனுப்பினால், நைட் டியூட்டி முடிந்து மஸ்கட்டில் உன் அறைக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிப்பாய் என்று நினைத்தேன். சாப்பிடுகிறாய் அல்லவா?

நீ பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்வதற்காக எழுதுகிற ஓ.இ.டி., அதாவது மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தம்பியை அருகில் உட்காரவைத்து, அது எப்படி நடக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் படித்துச் சொல்லச் சொன்னேன். தொடக்கத்தில் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பொதுப்பேச்சு, அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு ஓர் அட்டை தருகிறார்கள். இன்ன இடம், இன்ன நோயாளி, நீ செய்ய வேண்டியவை இவை என்று அதில் இருக்கும். படித்துக்கொள்ள 3 நிமிடம், பேச ஏறத்தாழ 5 நிமிடம், இப்படி இரண்டு முறை. எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நடிக்கிறாரே தவிர மதிப்பெண் போடுவதில்லை. பேச்சு பதிவாகி, அதைக் கேட்டு மதிப்பிடுபவர்களிடம் போகிறது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நாங்கள் வேலை பார்த்த காலத்தில் அட்டையும் கிடையாது, 3 நிமிடமும் கிடையாது, நோயாளி மட்டும் எப்போதும் எதிரில் இருந்தார்.

பெரியம்மா மகன் உன்னை ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற பொது ஆங்கிலத் தேர்வின் பக்கம் மாறச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அவன் சொல்வதற்காக மாறாதே. அதில் ஒரு தலைப்பைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்கவிட்டு, 2 நிமிடம் வரை தனியாகப் பேசச் சொல்கிறார்கள். பிடித்த கட்டடம், மறக்க முடியாத பயணம் என்று எதுவும் வரலாம். அவனுக்கு அது சரிப்பட்டது, ஏனென்றால் கேட்காமலேயே பேசுகிறவன் அவன். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்கிற நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் 7 கேட்கிறது, ஓ.இ.டி.யில் ‘பி’, அதாவது 350 கேட்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே உயரம்தான் என்றால், உனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசுகிற தேர்வை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பற்றிப் பேசப் போவானேன்?

தம்பி மேல் கோபப்படாதே, நான் வற்புறுத்திக் கேட்டதால்தான் சொன்னான். போன தேர்வில் பேச்சில் உனக்கு வந்தது 340 என்று தெரியும். கேட்பதிலும் படிப்பதிலும் ‘பி’, எழுதுவதில் கவுன்சில் கேட்கிற ‘சி பிளஸ்’, பேச்சில் மட்டும் பத்து குறைந்துவிட்டது. மூன்றில் தேறியதை நான் தெருவெல்லாம் சொல்லியிருப்பேன். அதைக்கூட நீ சொல்லாமல் வைத்துக்கொண்டாய். நல்லதையும் சேர்த்து மறைக்க எங்கே கற்றுக்கொண்டாய் என்று அப்பா கேட்டார். போகட்டும்.

கோச்சிங்கில் செய்த பயிற்சி என்று நீ தம்பிக்கு அனுப்பியிருந்த பதிவை நானும் கேட்டேன். சர்க்கரை நோயால் காலில் புண் வந்து சேர்க்கப்பட்டவர், இன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். நீ உடனே ‘ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்’ என்று தொடங்கி, புண் ஆறாமல் போனால் என்ன ஆகும், கிருமி எப்படிப் பரவும், ஆன்டிபயாட்டிக்கை ஏன் ஊசியாகவே போட வேண்டும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாய். இலக்கணப் பிழை எதுவும் இருப்பதாகத் தம்பிக்குத் தோன்றவில்லை. எனக்கு ஒரே ஒரு குறைதான் தெரிந்தது: அவர் ஏன் வீட்டுக்குப் போக விரும்புகிறார் என்று நீ கடைசி வரை கேட்கவே இல்லை. அவர் நடுவில் ‘பட் மை வைஃப்...’ என்று ஆரம்பித்தார், நீ அதன் மேலேயே பேசிக்கொண்டு போய்விட்டாய். வீட்டில் நடக்க முடியாத மனைவி தனியாக இருக்கலாம். அந்தக் காரணம் நடிப்பவரின் அட்டையில் எழுதியிருக்கும், நீ கேட்டால்தான் வெளியே வரும். அவர் கவலை என்னவென்றே தெரியாமல் புரிகிறது என்று சொன்னால் எந்த நோயாளி நம்புவார்?

இது என் பிடிவாதம் மட்டும் அல்ல, மதிப்பெண் முறையே அப்படித்தான் இருக்கிறது. உச்சரிப்புத் தெளிவு, தடையில்லாமல் பேசுவது, இடத்துக்கு ஏற்ற மொழி, இலக்கணமும் சொல்வளமும் என்று மொழிக்கு நான்கு அளவுகோல்கள், ஒவ்வொன்றும் 6-க்கு. அதற்கு மேல் நோயாளியோடு பழகும் முறைக்கு ஐந்து, ஒவ்வொன்றும் 3-க்கு: உறவை ஏற்படுத்துவது, அவர் பார்வையைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, விவரம் கேட்பது, விவரம் சொல்வது. நீ இந்தக் கடைசி ஒன்றுக்கு மட்டும் படித்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் வாங்கிக்கொண்டு மனப்பாட வாக்கியங்களைக் கொடுத்த அந்த இடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

உனக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆச்சி கண் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அப்பாவும் நானும் லென்ஸையும் மயக்க மருந்தையும் விளக்கித் தோற்றுப்போனோம். அப்போது நீ நர்சிங் மூன்றாம் ஆண்டு. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ‘எதை நினைச்சு ஆச்சி பயமா இருக்கு?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாய். வெகுநேரம் கழித்து ஆச்சி, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்கிறார்களே, அத்தனை நாள் மருமகள் கையை எதிர்பார்த்து இருப்பதா என்றார். நான் நின்றுகொண்டிருப்பதையும் மறந்து சொன்னார்! எத்தனை நாள், எதற்கெல்லாம் தடை, எதைத் தானே செய்துகொள்ளலாம் என்று நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஆச்சியைத் திருப்பிச் சொல்லவும் வைத்தாய். மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. அன்றைக்கு நீ செய்ததில்தான் அந்த ஐந்தும் இருக்கிறது. அதையே ஆங்கிலத்தில் செய்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் மாதிரி பேச முயலாதே, அதை யாரும் கேட்கவில்லை. சொல்வது விளங்க வேண்டும், அவ்வளவுதான். நம் வாயில் ‘ப’வும் ‘ஃப’வும் கலந்துவிடும், கடைசி எழுத்தை விழுங்கிவிடுவோம். ‘ஃபிஃப்டீன்’ என்பதில் பின்பாதியை அழுத்தி நீட்டாவிட்டால் கேட்பவர் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழும், மருந்தின் அளவில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேகத்தையும் குறைத்துக்கொள். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தினால் மறந்துவிட்டதாக நினைப்பார்களோ என்று பயப்படாதே. நீ நிறுத்தினால்தான் நோயாளி பேச முடியும். முதலில் கேள், பிறகு சொல், சொன்னது விளங்கியதா என்று மறுபடியும் கேள். அறையில் எல்லோரும் மலையாளப் பிள்ளைகள் என்பதால் நாள் முழுவதும் மலையாளமே பேசிக்கொண்டிராதே. வார்டில் இருக்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸ்களோடு ஆங்கிலத்தில் பேசு. நைட் டியூட்டி முடிந்து வந்த கையோடு பயிற்சிக்கு உட்காராதே. சாப்பிடு.

இரண்டு முறை எழுதியதைச் சேர்த்துக் காட்டலாம் என்று கவுன்சில் விதியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 12 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. நான்கு பகுதிகளையும் மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் கேட்பதும் படிப்பதும் ‘சி பிளஸ்’ஸுக்குக் கீழேயும், எழுதுவது ‘சி’க்குக் கீழேயும் இறங்காமல் இருந்தால் போதும், பேச்சில் 350 வந்துவிட்டால் பழைய ‘பி’க்கள் நிற்கும். ஆகவே எல்லாம் போய்விட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. முகத்தை நான் பார்க்கவில்லைதான், வீடியோவை அணைத்துவிட்டுத்தானே பேசுகிறாய்.

பயிற்சிக்கு ஆள் இல்லை என்று சொல்லாதே, நான் இருக்கிறேன். என் ஆங்கிலம் கேஸ் ஷீட்டோடு நின்றுபோனது என்பது உண்மை. நோயாளிக்கு அது போதும். நோயாளி அட்டையைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு நீ பார்க்காமல் இரு, உன் அட்டையைப் பேசத் தொடங்குவதற்கு 3 நிமிடம் முன்புதான் எடு. நான் சுலபமான நோயாளியாக இருக்க மாட்டேன்: மாத்திரை வேண்டாம் என்பேன், டாக்டரைக் கூப்பிடு என்பேன், அழவும் செய்வேன். எதற்கு அழுகிறேன் என்று நீ கேட்கிறாயா என்று பார்க்கலாம்.

டியூட்டி அட்டவணை வந்ததும் உன் ஓய்வு நாட்களை எனக்கு எழுது. இங்கே எந்த நேரமானாலும் பரவாயில்லை, எனக்குத் தூக்கம் வருவதில்லை. இந்த மாதம் வங்கிக்குப் பணம் அனுப்ப வேண்டாம், தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள் என்று அப்பா சொல்லச் சொன்னார். தவணையை அவர் பென்ஷனில் கட்டிவிட்டார், ரசீதைத் தம்பி அனுப்புவான்.

இப்படிக்கு,
அம்மா