‘சும்மாதான் வந்தேன்’ என்பவரை விரட்டாதீர்கள்

ஐம்பது பேர், நூறு பேர் என்று சின்னச் சின்ன இணையக் குழுக்களை நடத்திவரும் அட்மின்களுக்கு வணக்கம்.

குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் செய்வது சம்பளம் இல்லாத வேலை. இரவு பதினொரு மணிக்கு யாரோ இருவர் முட்டிக்கொண்டால், தூக்கத்தை விட்டு எழுந்து விலக்கிவிடுவது நீங்கள்தான். அப்படி அலுத்துப்போன ஒரு நாளில் ‘தலைப்புக்கு வெளியே எதுவும் பேசக் கூடாது’ என்று ஒரு விதி போடுகிறீர்கள். அந்த ஒரு விதியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கிறவர்களின் குழு ஒன்றில் ஆறு வருஷமாக இருக்கிறேன். எழுபது பேர் இருப்போம். ஒரு பெரியவர் தினமும் காலை ஆறரைக்கு இரண்டு வரி எழுதுவார். ‘வணக்கம். இன்று மூட்டமாக இருக்கிறது. நேற்றுப் பிரித்த பெட்டி மேசையிலேயே கிடக்கிறது.’ அவ்வளவுதான். ‘இங்கே நல்ல வெயில், ஐயா’ என்பார் ஒருவர். ‘பெட்டியில் என்ன கோளாறு?’ என்பார் இன்னொருவர்.

எங்கள் குழுவிலும் அந்த விதி வந்தது. பெரியவர் ‘சரிங்க’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்புறம் கண்டன்சர், வால்வு தவிர வேறு பேச்சே இல்லை. ஏழெட்டு வாரம் கழித்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சந்தேகத்துக்காக அவரைத் தேடியபோதுதான் தெரிந்தது, மனிதர் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முன்பு என்றால் ஏழு மணிக்கே ‘ஐயாவைக் காணோமே’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். அந்த இரண்டு வரியை வைத்துத்தான் அவர் நன்றாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டிருந்தோம். இதை இப்போது எழுதும்போதும் மனசு உறுத்துகிறது.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இலேயே இந்த வகைப் பேச்சைத் தனியாக எடுத்து எழுதினார். சேதி சொல்வதற்காக இல்லாமல், ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொள்வதற்காகவே நடக்கும் பேச்சு இது என்றார். நேரில் என்றால் ஒரு தலையசைப்பு போதும். திரையில் அதையும் எழுத்தில்தான் செய்தாக வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவிப்புப் பலகையில், வேடிக்கைக்கு எழுதியதை நிஜமென்று எடுத்துக்கொண்டு குழப்பம் வந்தது. அப்போது, 1982 செப்டம்பர் 19 அன்று, முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுச் சிரிப்பைக் காட்டலாம் என்று யோசனை சொன்னார் அங்கிருந்த கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன். முகம் தெரியாத இடத்தில் பேசுவதன் சங்கடம் அத்தனை பழையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஸ்பீக்கரில் கரகரப்பு வருகிறதே என்று கேட்டார். ‘இது முன்பே பேசியாச்சு, மேலே தேடுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் போனது. அவர் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது. கடைசிவரை எதுவும் வரவில்லை. மறுநாள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். பதிலில் தப்பில்லை, முன்பே பேசியதுதான். ஆனால் அதற்கு முன் ஒருவராவது ‘வாங்க, எந்த ஊர்ப் பெட்டி, யார் கொடுத்தது?’ என்று கேட்டிருந்தால் அவர் மேலே போய்த் தேடியிருப்பார். தெரியாது என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டும். சும்மா பேசிப் பழகிய இடத்தில்தான் அது வரும்.

உங்கள் தலைவலியும் எனக்குத் தெரியும். விடிந்ததும் நாற்பது பூப் படங்கள் வந்து குவிந்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். ஃபார்வர்டுகளைத் தாராளமாகத் தடுங்கள். தன் கையால் எழுதிய இரண்டு வரியை மட்டும் அதே கூடையில் போடாதீர்கள்.

அரட்டைக்கென்று தனி அறை போடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. ஆயிரக்கணக்கானோர் உள்ள இடத்தில் அது தேவை. எழுபது பேரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு இடமும் வெறிச்சோடிப் போகும். வாட்ஸ்அப் ஒரு குழுவில் 1,024 பேர்வரை சேர்க்கலாம் என்கிறது. அதற்காக நிரப்பத்தான் வேண்டுமா என்ன? எல்லாருடைய பெயரும் எல்லாருக்கும் தெரிகிற அளவுதான் சின்னக் குழுவின் பெரிய சொத்து.

எங்கள் குழுவில் விதியை எடுத்துவிட்டார்கள். கேட்டதும் ஒப்புக்கொண்ட எங்கள் அட்மினுக்கு நன்றி. பெரியவர் உடனே எழுதவில்லை. இரண்டு நாள் அட்மினே முதல் ஆளாக வணக்கம் சொன்னார். மூன்றாம் நாள் ஆறே முக்காலுக்கு வந்தது: ‘வணக்கம். இங்கே தூறல். கை இன்னும் கொஞ்சம் நடுங்குகிறது, சால்டரிங் யாராவது செய்து தர முடியுமா?’

ஏழு பேர் ‘நான் வருகிறேன்’ என்று எழுதினார்கள்.

அன்புடன்,
அந்த எழுபது பேரில் ஒருத்தி